பதிவில் இருந்த பதில்

பள்ளி ஆலோசகர் படிப்பின் கடைசி வருட மாணவி, காலையில் பயிற்சிப் பள்ளியில் ஓர் எட்டாம் வகுப்புச் சிறுமியோடு பேசிய பதிவைப் பேராசிரியையுடன் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கல்லூரி வகுப்பறையில் வேறு யாருமில்லை. ஜன்னல் வெயில் மேசையில் விழுகிறது. மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத களைப்பு மாணவியின் கண்ணிமையில் தொங்குகிறது. "சாயங்காலம் ஆனாலே பயமா இருக்கு மிஸ். வீட்டுக்குப் போகணுமே," என்கிறாள் பதிவில் சிறுமி. "சரிம்மா, அடுத்த கேள்வி," என்கிறது மாணவியின் அலுத்துப்போன குரல். பேராசிரியை பதிவை நிறுத்துகிறார். மின்விசிறி கடகடக்கிறது.

"இது என் காதுலயே விழலையே, மேடம்."

"இப்ப விழுந்துடுச்சில்ல? ஸ்கூல் விட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

போனைக் காதில் வைத்தபடியே எழுகிறாள். "ஸ்கூல் ஆபீஸா? காலையில நான் பேசின எட்டாம் வகுப்புப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்."