நிழல் உலகத்தின் அசல் மொழி

"உங்கம்மா வாழ்க்கையில பண்ண ஒரே நல்ல காரியம், உனக்கப்புறம் நிறுத்திக்கிட்டதுதான்." துப்பாக்கியை நீட்டியபடி தாதா சொன்னான். எதிரே நின்றவன் கைகளை உயர்த்தினான்.

தியேட்டரே சிரித்தது. இவெத்துக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. போன பிப்ரவரியில் மாட்டிறைச்சிக் குழம்பைத் தீயவிட்ட கணவனிடம் அவள் சொன்ன வார்த்தை அது!

அந்தக் கணவன், படத்தின் வசனகர்த்தா அர்மான், பக்கத்து இருக்கையில் நகம் கடித்துக்கொண்டிருந்தான். ரவுடிகளின் பேச்சைக் கேட்டு எழுதப்போகிறேன் என்று, பாரிஸில் ரவுடிகளுக்கும் இரவு விடுதிப் பெண்களுக்கும் பேர்போன பிகாலில் ஓட்டல் அறை எடுத்து ஆறு மாதம் தங்கியவன்.

"பிகால்ல ரவுடிங்க மட்டுமா இருக்காங்க?" என்று மாடிவீட்டுக்காரி சிரித்த நாளிலிருந்து இவெத்துக்குத் தூக்கமில்லை. இந்தப் பத்திரிகையாளர் காட்சி முடிந்ததும், லியோனில் அக்கா வீட்டோடு போய்விடுவதாக இருந்தாள். கைப்பையில் ரயில் டிக்கெட்கூடத் தயார்.

திரையில் தாதா, குண்டடிபட்ட கூட்டாளியைக் குனிந்து பார்த்தான். "நீ செத்தா நான் அழுவேன். ஆனா சாப்பிட்டுட்டுத்தான் அழுவேன்."

அதுவும் அவளுடையதுதான். அர்மானுக்குச் சளிக் காய்ச்சல் வந்தபோது சொன்னது.

"இதுதான்யா நிழல் உலகத்தோட அசல் மொழி!" பின்வரிசையில் ஒரு விமர்சகர் உருகினார். "உயிரைப் பணயம் வெச்சுப் பொறுக்கியிருக்கார் மனுஷன்!"

இவெத் கணவனின் காதருகே குனிந்தாள். "பாவி, எல்லாம் நான் சமையலறையில கத்தினதாச்சே!"

"நான் என்ன பண்ணட்டும்? பிகால் ரவுடிங்க குதிரைப் பந்தயத்தையும் மூட்டுவலியையும் விட்டா வேற எதுவும் பேசல."

"நீயா ஒரு வரிகூட யோசிக்கலையா?"

"எனக்கு எங்கே சொந்தமா வரும்? காதுல விழுந்தாத்தான் எழுதுவேன்."

இவெத்துக்கு நெஞ்சு இளகிப்போனது. ஆறு மாதமும் அந்த ஓட்டல் அறையில் இவன் காதில் ஒலித்தது தன் குரல்தானா! வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று கண் கலங்க, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். லியோனாவது, அக்காவாவது!

கடைசிக் காட்சி. மழையில் நனைந்த நடைபாதை. காதலியின் மடியில் உயிர் போய்க்கொண்டிருந்த தாதா, தன் கோட்டில் ஒட்டியிருந்த அவளுடைய முகப்பவுடரைத் தட்டப்போனான். அவள் அவன் கையைத் தடுத்தாள்.

"தட்டிவிடாதே. உன் வீட்டுத் தெருமுனை வரைக்குமாவது நான் உன்கூட வந்ததா இருக்கட்டும்."

தியேட்டர் எழுந்து நின்று கைதட்டியது. விமர்சகர் கைக்குட்டையைத் தேடினார்.

இவெத் மட்டும் எழவில்லை. மடியிலிருந்த கையை மெதுவாக எடுத்து, அவன் இருக்கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அர்மான், இது எங்கே காதுல விழுந்துச்சு?"