பத்து மந்திர நேரம்

ஜெனீவாவில் பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் கடைசி வருடம் படிக்கும் என் பேத்தி ஜெசிந்தா, விடுமுறைக்கு ஊருக்கு வந்து, அங்கே எழுத வேண்டிய முத்துக்குளிப்பு பற்றிய நீண்ட கட்டுரைக்காக ஸ்டாப்வாட்சோடு என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மாதாவை வேண்டிச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தைப் பத்து முறை செபிக்கும் நேரம் என் அப்பா மூச்சடக்கி முத்துக் குளித்தார் என்பது எங்கள் குடும்பப் பெருமை. "எங்க அப்பாவையே சந்தேகப்படுதியா?" என்கிறேன். "இல்ல தாத்தா. இது எப்படித் தெரியும்னு வாத்தியார்மாரு கேப்பாங்க. நீங்க செபிங்க, நான் அளந்துக்கிடுதேன்." நிமிர்ந்து உட்கார்ந்து, கோயிலில் சொல்வதுபோல் நிதானமாகத் தொடங்குகிறேன். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதுகிறது. ஜன்னல் வெயில் கடிகாரக் கண்ணாடியில் நடுங்குகிறது. நான்காவது மந்திரம் முடிவதற்குள் முள் ஒரு முழுச் சுற்று வந்துவிடுகிறது. இப்படிப் போனால் பத்து முடிய இரண்டரை நிமிடம் தாண்டிவிடும்; கடலடியில் ஒரு மனிதர் அவ்வளவு நேரம் இருக்க முடியுமா? எனக்கே சந்தேகம் தட்டுகிறது. ஜெசிந்தா முள்ளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஐந்தாவது மந்திரத்தில், ஆயுளில் முதன்முறையாக, மாதாவை அவசரப்படுத்துகிறேன்.