முதல் சீட்டு

"பொய்! பதினோரு வாரமா பச்சைப் பொய்!"

லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த சீட்டுக் கட்டைப் பள்ளிக்கூட வராந்தா பெஞ்சில் அடித்தார். கேட்பதற்கு ஆயாவைத் தவிர ஆளில்லை. பள்ளி விட்டு அரை மணி ஆகியிருந்தது.

ஆயா பெருக்குவதை நிறுத்தாமல் சொன்னாள். "மிஸ் உள்ளேதான் இருக்காங்க சார். சொல்லிட்டேன். உட்காருங்க."

உட்கார்ந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் நெஞ்சில் இடித்தது. எழுந்தார். நாலு எட்டு நடந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்த்தாக வேண்டும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையின் பையில் ஒரு சீட்டு வரும். இந்த வாரம் என்ன கற்றது, எதில் தடுமாறுகிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்று இரண்டு மூன்று வரி. அடியில் பெற்றோர் கையெழுத்து.

இவர் மகளுக்கு வந்த இந்தப் பதினொன்றிலும் ஒரே வரிதான். 'நன்றாகப் படிக்கிறாள்.' இவரும் மீசையை நீவிக்கொண்டு கையெழுத்துப் போட்டு வந்தார்.

நேற்று ஏதோ நினைப்பில் அந்தச் சீட்டையே அவளிடம் நீட்டி, "எங்கே, இதைப் படி பார்க்கலாம்" என்றார். அவள் "ந..." என்றாள். அதற்கு மேல் உதடுதான் நடுங்கியது, சத்தம் வரவில்லை. கையை ஓங்கிவிட்டார். மனைவி குறுக்கே விழுந்து தடுத்ததால் கோபம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது.

மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது.

"மழை... நின்றதும்... நத்தை மெல்ல... மெல்ல... மிஸ், இந்த நத்தைக்கு அவசரமே கிடையாதா?"

"உனக்கும் கிடையாது. நிதானமா படி."

களுக்கென்று ஒரு சிரிப்பு. மறுபடி "மெல்ல மெல்ல..."

யார் பெற்ற பிள்ளையோ, கொடுத்து வைத்தவர்கள் என்று மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. இவர் மகளுக்கு வீட்டில் பேச்சே காற்றுப் போலத்தான் வரும்.

டீச்சர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். விரலெல்லாம் சாக்பீஸ் மாவு.

"சொல்லுங்க சார்."

"இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"உண்மையா?"

"இல்லை."

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவருக்குக் காலடியில் பலகை நழுவியது போல இருந்தது.

"வாய் கூசாம சொல்றீங்களே டீச்சர்!"

"ஆரம்பத்துல எழுதினது முழுப் பொய். இப்போ பாதி."

"நானும்தான் மாசாமாசம் லிஃப்டுக்கு லிஃப்ட் அட்டையில எழுதிக் கையெழுத்துப் போடுறேன். கயிறு தேஞ்சிருந்தா தேஞ்சிருக்குன்னுதான் எழுதுவேன். 'நல்லா ஓடுது'ன்னு எழுதிட்டு நான் பாட்டுக்குப் போனா, ஏறினவன் கதி என்ன ஆகும்? பழுதுன்னு எழுதினாத்தானே சரிபண்ண ஆள் வருவான்?"

"வாஸ்தவம் சார்."

"என்ன வாஸ்தவம்? அதோ, உள்ளே அந்தப் பிள்ளை எப்படிக் கணீர்னு படிக்குது! அதுக்கு மட்டும் பள்ளிக்கூடம் விட்டப்புறமும் உட்கார்ந்து சொல்லித் தர நேரம் இருக்கு. என் பொண்ணுன்னா மட்டும் இளப்பமா? அவ தினமும் விளையாடிட்டு வர்றேன்னு முக்கால் மணி நேரம் லேட்டா வீட்டுக்கு வர்றா!"

டீச்சர் சீட்டுகளை வாங்கி எண்ணினார். "பதினொண்ணு இருக்கு. நான் அனுப்பினது பன்னிரண்டு. முதல் சீட்டு எங்கே சார்?"

மெக்கானிக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "எங்கேயாவது கிடக்கும்."

"எனக்கு மனப்பாடம். 'எழுத்துக் கூட்டத் திணறுகிறாள். திட்டாமல், தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.'"

அவருக்கும் ஞாபகம் வந்தது. அந்தச் சீட்டைக் கிழித்து எறிந்தது. அன்றைக்கு மர ஸ்கேல் இரண்டாக உடைந்தது.

"நீங்க இப்போ சொன்னீங்களே, அதே நம்பிக்கையிலதான் எழுதினேன் சார். பழுதுன்னு எழுதினா சரிபண்ண ஆள் வருவாங்கன்னு." டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "அதுக்கடுத்த திங்கட்கிழமை உங்க பொண்ணு இடது கையால பென்சில் பிடிச்சா. என்னம்மான்னா, கதவுல நசுங்கிடுச்சு மிஸ்ங்கறா. உங்க வீட்டம்மாவை வரச்சொல்லிக் கேட்டேன். அழுதாங்க. அன்னையிலேருந்து உள்ளதை அவங்ககிட்ட நேர்ல சொல்லிடறேன். சீட்டுல உங்களுக்கு வேற மாதிரி எழுதறேன். ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் தெரியும்."

மெக்கானிக்கின் கால்கள் அப்போதுதான் ஓரிடத்தில் நின்றன. என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் கதவு படாரென்று திறந்தது.

"மிஸ்! நத்தை வீட்டுக்குப் போயிடுச்சு! நான் ரெண்டே ரெண்டு இடத்துலதான் நின்னேன்!"

கணீரென்ற அந்தக் குரலோடு, புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி துள்ளிக்கொண்டு வந்தது, அவருடைய மகள்.

அப்பாவைப் பார்த்தாள். புத்தகம் நழுவிக் கீழே விழுந்தது.

சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.