பதினேழாம் நம்பர் கூடு

"உங்களை நம்பித்தானே அண்ணே விட்டுட்டுப் போனேன்!"

ஷோல்பானுக்குக் குரல் உடைந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அவள் எதிரே பதினேழாம் நம்பர் கூடு. கூடு என்றால், தரையில் ஒரு சின்னப் பள்ளம், நாலு காய்ந்த புல், கொஞ்சம் குதிரைச் சாணம். வியாழக்கிழமை அவள் வந்து பார்த்தபோது அதில் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் நாலு இருந்தன. இன்று ஞாயிறு. ஓட்டுத் துணுக்குகள்தான் மிச்சம். சுற்றிலும் ஒரு சாண் இடம் விடாமல் ஆட்டுக் குளம்புத் தடம்.

ஆடுகளின் சொந்தக்காரர் தௌலெத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஆடுதான் மிதிச்சிருக்கு தங்கச்சி. என் தப்புதான்."

"தப்புன்னு சொன்னா முட்டை ஒட்டிக்குமா? பத்தடி தள்ளிக் கல்லு வெச்சு அடையாளம் காட்டினேன். இந்தப் பக்கம் மட்டும் ஆட்டை விடாதீங்கன்னு கும்பிடாத குறையாச் சொன்னேன். தலையை ஆட்டினீங்களே!"

"ஆட்டினேன்."

ஷோல்பான் ஒவ்வொரு மே மாதமும் தலைநகர் அஸ்தானாவிலிருந்து இந்தப் புல்வெளிக்கு வருகிறவள். எங்கே எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று எழுதிக்கொண்டு போவது வேலை. வேலை என்றுதான் பெயர். போன வருஷம் ஒரு கூட்டைக் காக்கை சூறையாடிவிட்டது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "நான் அடிக்கடி போய்ப் பார்த்ததாலதான் காக்கா கண்டுபிடிச்சிருக்கும். இனிமே நான் வரவே மாட்டேன்" என்று பெட்டி கட்டியவளை, தௌலெத்தின் மனைவி உர்க்கியாதான் அதட்டி உட்கார வைத்தாள்.

தலைக்கு மேலே அந்த ஜோடிக் குருவிகள் கத்திக்கொண்டே வட்டமடித்தன.

"ரெண்டும் போகலை பாரு. இன்னும் நாள் இருக்கு. மறுபடியும் முட்டை வைக்கும்" என்றார் தௌலெத்.

"வைக்கும். உங்க ஆடு மறுபடியும் மிதிக்கும்."

அவர் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் நோட்டைப் பிரித்து எழுதினாள். எழுதியதை வேண்டுமென்றே உரக்கப் படித்தாள். "கூடு பதினேழு. ஆடு மிதித்து அழிந்தது. சரியா?"

"சரி. எழுதிக்க."

"மூணு வாரத்துக்கு மந்தையை ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டணும். மத்த கூடாவது பிழைக்கட்டும்."

"அங்கேயிருந்து தண்ணிக்கு ஒரு மணி நேரம் நடக்கணும்." தௌலெத் தாடையைத் தடவினார். "சரி, ஓட்டுறேன். ஆனா எனக்கும் ஒண்ணு இருக்கு. உன் ஜீப் இனிமே என் கிணத்தைத் தாண்டி வரக் கூடாது. வீட்டு வாசல்ல நிறுத்திட்டு நடந்து போ."

"எதுக்கு?"

"குட்டி போட்ட குதிரைங்க சத்தத்துல மிரளுது."

ஷோல்பான் கசப்பாகச் சிரித்தாள். "ஆறு வருஷமா மிரளாத குதிரை இன்னிக்குத்தான் மிரளுதா? பழி வாங்குறீங்களா அண்ணே?"

"அதுங்களுக்கும் வயசாகுதுல்ல... நடக்க முடியலைன்னா என் குதிரையை எடுத்துக்க."

"வேண்டாம். எனக்குக் கால் இருக்கு."

ஜீப்பை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பையைத் தோளில் மாட்டினாள். உர்க்கியா கிண்ணத்தில் பால் விட்ட டீயும் தட்டு நிறையப் பவுர்சாக் பலகாரமுமாக வெளியே வந்தாள்.

"உட்காருடி. சூடா இருக்கு."

"மன்னிச்சிருங்க அக்கா. இன்னிக்கு இந்த வீட்டு டீ எனக்குத் தொண்டையில இறங்காது."

அவ்வளவுதான், நடந்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் நீட்டிய கிண்ணத்தைத் தொடாமல் போனவர்கள் யாரும் இல்லை.

உர்க்கியா கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள்.

"அவ போட்ட சத்தம் காத்துல இங்க வரைக்கும் கேட்டுச்சு. நீங்க வாயில என்ன, பவுர்சாக்கா அடைச்சு வெச்சிருந்தீங்க?"

தௌலெத் அந்த டீயை எடுத்துக் குடித்தார். "ஆறப் போகுது. வீணாக்கக் கூடாது."

"பேச்சை மாத்தாதீங்க. வியாழக்கிழமை வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு வாரமா ஒத்தை ஆட்டைக் கூட நீங்க விடலை. தப்பிப் போன கிடாவைக் கூட ஓடிப் போய் மறிச்சீங்க. எனக்குத் தெரியாதா?"

"ம்."

"வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் விடியாததுமா மொத்த மந்தையையும் அங்கதான் ஓட்டினீங்க. போகவும் வரவும் நாலு தடவை. நான் பால் கறந்துக்கிட்டே பார்த்தேன். கூட்டுக்காரப் பொண்ணு அத்தனை சொல்லியும், பைத்தியமா புடிச்சுது உங்களுக்கு?"

தௌலெத் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தூரத்தில் ஷோல்பான் போய்க்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்துக்கொண்டு.

அவள் காதில் விழாத தூரம் போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

"வியாழக்கிழமை புழுதிக் காத்துல அவ ஜீப்பைத் திருப்பினப்ப, டயர் முட்டை மேலேயே ஏறிப் போயிருக்கு உர்க்கியா. அந்தத் தடத்தை அழிக்கிறதுக்கு என்கிட்ட ஆட்டை விட்டா வேற என்ன இருக்கு?"