நூற்றுக்கு முப்பது

திரையில் முப்பது புள்ளி இரண்டு.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கீழே, விளக்கின் ஒளியில், நகத்தளவு சூரியக்கலம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய படலங்கள். மேல்படலம் நீல ஒளியைத் தின்னும். மிச்சத்தைக் கீழ்ப்படலம் பார்த்துக்கொள்ளும். சொல்லத்தான் எளிது. விழும் ஒளியில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கை மின்சாரமாக்கவே அது ஐந்து வருடம் அவளைப் பாடாய்ப் படுத்தியிருந்தது.

இன்று முப்பது.

வெள்ளிக்கிழமையோடு ஆய்வுக்காலம் முடிகிறது. இப்படி ஓர் எண் இருந்தால் இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பின்னால் அவளுடைய நெறியாளர் ஞானசிகாமணி போனில் ஆய்வு நிறுவன இயக்குநரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், முப்பது தாண்டிடுச்சு. நம்ம பொண்ணுதான்!"

நம்ம பொண்ணு. ஐந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மேசையைப் பார்க்கும்வரை.

கறுப்புத் தகடு மேசைமேல் கிடந்தது.

நடுவே சிறு துளை போட்ட தகடு. அளப்பதற்கு முன் கலத்தின்மேல் வைக்க வேண்டும். துளை வழியே விழும் ஒளிக்கு மட்டும்தான் கணக்கு. வைக்க மறந்தால் ஓரத்து ஒளியும் உள்ளே புகுந்து எண்ணை ஊதிப் பெருக்கிக் காட்டிவிடும். ஆய்வகத்தில் நேற்றுச் சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும். காலையில் துடைக்க எடுத்தவள் திரும்ப வைக்கவில்லை.

தகட்டைக் கையில் எடுத்தாள்.

யாரும் பார்க்கவில்லை. சட்டைப்பைக்குள் அடங்குகிற தகடுதான். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தகட்டைக் கலத்தின்மேல் வைத்தாள். மறுபடி அளந்தாள்.

இருபத்தைந்து புள்ளி எட்டு.

போன் பேச்சு நின்றிருந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவருக்கா தெரியாது.

"அதை எடுத்துட்டு இன்னொரு வாட்டி அளந்திடும்மா."

குரல் மிக மென்மையாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் பதிவேட்டைத் திறந்தாள். 25.8 என்று எழுதினாள். பக்கத்தில், தகட்டுடன் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே நெறியாளர் கையெழுத்துக்கு இடம் இருந்தது.

பேனாவை அவரிடம் நீட்டினாள்.

அவர் கை வரவில்லை.

அவள் பேனாவை நீட்டியபடியே நின்றாள்.