தழும்பைக் காட்டுங்கள், சகோதரி

இன்றைக்கு அது இரும்புக் கம்பி ஆகிவிட்டது.

போன மாதம் வரை உலக்கையாக இருந்தது. அதற்கு முன்னால் விறகுக் கட்டை.

உண்மையில் அவன் அடித்தது டார்ச் லைட்டால். அடி வாங்கினவளுக்குத் தெரியாதா?

அவள் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் தவமணி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான். குடித்துத் திரிந்த காலத்தில் கட்டினவளை என்ன பாடுபடுத்தினேன் என்கிற சாட்சி.

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். காலையிலிருந்து யார் வயிற்றிலும் ஒன்றுமில்லை. அழுவதற்கு அதுவும் ஒரு தோது.

அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ரத்தம் என்று சொன்னதும் நிறுத்துவான். கீபோர்டு மெல்ல ஆரம்பிக்கும். தோள் குலுங்கும். கைக்குட்டை வெளியே வரும்.

செய்த பாவத்திலும் ஒரு பவிசு!

குடியை விட்டான். அதை அவள் இல்லையென்று சொல்லவில்லை. வருஷக் கணக்காகக் கை ஓங்கவில்லை. அதற்காகத் தினமும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

ஆனால் ஒரு வார்த்தை. அவள் முகத்தைப் பார்த்து, தப்புதான் ரெஞ்சிதம் என்று ஒரே ஒரு வார்த்தை.

கர்த்தரிடம் கேட்டுவிட்டான். சபையிடம் கேட்டுவிட்டான். பக்கத்து ஊர்ச் சபைக்கெல்லாம் ஆட்டோ பிடித்துப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சால்வையோடு திரும்பி வருகிறான். அடி வாங்கினவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அவளிடம் கேட்க மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அவன் கேட்பதெல்லாம், வெள்ளைச் சட்டை தேய்த்தாயிற்றா என்பதுதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அடுத்து வருகிற இடம்.

வந்துவிட்டது.

நெற்றியில் வழிந்த ரத்தத்தோடு என் மனைவி முழங்காலில் நின்று எனக்காக ஜெபித்தாள், முணுமுணுக்கவே இல்லை என்று சொல்லி விசும்பினான். அல்லேலூயா என்றது கூட்டம். பெண்களெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யார் ஜெபித்தது? எப்போது ஜெபித்தது?

போன வாரம் கூட்டம் முடிந்ததும் ஒரு மாமியார்க்காரி தன் மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சின்னப் பெண். ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருந்தது. இந்த அக்காவைப் பார்த்துப் பொறுமையைக் கற்றுக்கொள் என்று மருமகளை முன்னே தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு ரெஞ்சிதத்தால் வாயைத் திறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, சண்டாளி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பாஸ்டர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"சகோதரி, முன்னால வாங்க. அந்தத் தழும்ப ஜனங்க பாக்கட்டும்."

போனாள்.

சாமான் ஏலம் விடுகிற மாதிரி அவளை மேடை நடுவில் நிறுத்தினார்கள். அவள் முக்காட்டை விலக்கத் தவமணி கையை நீட்டினான். அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தானே முக்காட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

புருவத்துக்கு மேலே, பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டு மறுபடி ஆரம்பித்தது. அவள் பாஸ்டர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். இதுவரை மைக் பிடித்ததில்லை.

"அன்னைக்கு நான் ஜெபம் பண்ணல. இந்த மனுஷன் விடியுறதுக்குள்ள செத்துத் தொலையட்டும்னுதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இனிமே என்னயக் காட்டி எந்தப் பிள்ளையையும் அடிய வாங்கிக்கிட்டு இருன்னு சொல்லாதீங்க."

கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். பாஸ்டர் மைக்குக்காகக் கையை நீட்டிக்கொண்டே கிட்டே வந்தார்.

அவள் கொடுக்கவில்லை. ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, புருஷனுக்கு நேரே திரும்பினாள்.

எத்தனையோ நாளாக அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை. காதோரம் நரைத்திருந்தது. கண்ணில் ஈரமே இல்லை. இத்தனை நேரம் அழுதது எதை வைத்து?

"அப்படி நெனச்சது என் பாவம். ஆண்டவர்ட்ட மறுநாளே மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்ககிட்ட இதுவரைக்கும் கேக்கல. என்ன மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டு மைக்கை அவன் கையில் வைத்தாள்.

அவன் ஜனங்களைப் பார்த்தான். பாஸ்டரைப் பார்த்தான். கைக்குட்டையைத் தேடினான். அது கையில்தான் இருந்தது.

பழக்கதோஷம், மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். என் அன்பான தேவ ஜனமே என்று தொடங்கினான். அதற்கு மேல் வரவில்லை.

அவள் நகரவில்லை. முக்காட்டையும் போடவில்லை.

அப்போதுதான் அவன் அந்தத் தழும்பைப் பார்த்தான். எத்தனை மேடையில் சொன்னவன்! அது வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்டிருந்தால்கூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

மைக் பிடித்த கை மெல்லக் கீழே தொங்கியது. உதடு அசைந்தது.

சத்தம் வரவில்லை, மைக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள் என்று பின்வரிசையில் ஒருவர் முறையிட்டார்.

அவள் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி, அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னாள்.