கார்வினின் கழுகுக் கண்

மனிதக் கண்ணை மிஞ்சிய அளவுகோல் இன்னும் பிறக்கவில்லை. கணினித் திரைக்குப் படங்களை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுகளின் விமர்சகர் கார்வின் தம் ஒளிபரப்பை இப்படித்தான் தொடங்குவார். அந்தக் கண்ணுக்குக் காலையில் ஃபிரிட்ஜில் இருந்த கடுகு பாட்டில் தெரியவில்லை.

இன்று நேரலையில் நாலாயிரம் பேர். பழைய கார்டு, புதிய கார்டு இரண்டையும் மனைவி மார்லிஸ் கணினியில் சொல்லாமல் மாற்றி மாட்டுவாள். விளையாடும்போது எது எதுவென்று கார்வின் சொல்ல வேண்டும். தவறினால் சேனலின் மானம் போய்விடும்.

முதல் ஆட்டம். "நொடிக்கு நூறு படந்தான் வருது. கண்ல மண் விழுந்த மாதிரி இருக்கு. இது பழசு."

அடுத்தது. "ஆகா, இருநூறு! வெண்ணெயா வழுக்குது. இதான் புதுசு!"

"ரெண்டுமே சரி! எப்படிப்பா சொன்ன?" மார்லிஸ் அசந்துபோனாள்.

"கண்ணும்மா, கண்ணு!"

"டுலூத் ஊர்லேருந்து பாக்கறவர் ஒருத்தர் எழுதியிருக்கார். திரையோட செட்டிங்கைக் காட்டணுமாம்."

"வயித்தெரிச்சல். நல்லா பாக்கட்டும்!" கார்வின் திறந்து காட்டினார்.

நொடிக்கு இருநூற்று நாற்பது படம் காட்டக்கூடிய திரை அது. எந்தக் கார்டைப் போட்டாலும் அறுபதுக்கு மேல் காட்டாதபடி, வாங்கிய நாளில் இருந்த அமைப்பிலேயே மூன்று வருடமாக இருந்தது.